தொண்ணூறு டிகிரிக்குத் தேவையான சாமான்கள்

மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை எனக்குக் கிடைத்தபோது வயது இருபத்தாறு. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவர். அதுவரை மதுரையில் ஒரு நூல் மில்லில் பொதிகளின் மேல் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். வீடு வில்லாபுரத்தில். அந்த நாளில் வில்லாபுரம் டவுனோடு சேர்ந்தது இல்லை. வயலும் வாய்க்காலும் தாண்டித்தான் மில்லுக்குப் போக வேண்டும். இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது.

வேலை உத்தரவோடு, கம்பெனியின் சீமை ஆபீஸிலிருந்து நான்கு பக்க அச்சுக் காகிதம் ஒன்றும் வந்தது. வெப்ப நாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல். தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை: அந்த நாட்டில் வெயில் தொண்ணூறு டிகிரி வரை ஏறும், முன்னேற்பாடு இல்லாமல் வருகிறவனுடைய உயிருக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

அன்று காலையில்தான் மில்லில் நூல் நூற்கும் பகுதிச் சுவரிலிருந்த தெர்மாமீட்டர் நூற்றி நாலு காட்டியதை நானே என் கையால் நோட்டில் எழுதிவிட்டு வந்திருந்தேன். இருந்தாலும் அந்தத் தொண்ணூறை விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். சீமையில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அது வேறு ஜாதி வெயிலாக இருக்க வேண்டும் என்று பட்டது.

என் மனைவி காகிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ராத்திரி விருந்துக்குக் கறுப்புக் கோட்டு ஒன்று, டென்னிஸ் ஆட வெள்ளைக் கால்சட்டை இரண்டு என்ற இடம் வந்ததும், "ஏங்க, இது யாரோ வெள்ளக்கார தொரைக்கு எழுதினது மாதிரியில்ல இருக்கு?" என்றாள்.

"உறைக்கு மேல எம்பேருதான போட்டிருக்கு?" என்றேன். அவள் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவளுக்கு மேல் யோசிக்க வேண்டியவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். அடுத்த தெருவில் குடியிருந்து விவசாயம் பார்த்தார். முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய் இரண்டு வருஷம் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர். அதனால் வெளிநாடு, வெயில், வெள்ளைக்காரன் என்ற மூன்றைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் அவர் சொன்னதுதான் முடிவு. காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாத இங்கிலீஷை ஒரு பக்கம் விடாமல் பார்த்தார்.

"பட்டாளத்துல எழுதிக் குடுத்துட்டா எழுதிக் குடுத்ததுதான் மாப்ள. ஒரு பித்தான் கொறஞ்சாலும் திருப்பி அனுப்பிருவான்" என்றார்.

"இது தோட்டம் மச்சான். பட்டாளம் இல்லையே."

"வெள்ளக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரு மாசம் இருந்தது. இருவருமாகச் சேர்ந்து டவுனைச் சல்லடை போட்டுச் சலித்தோம். துரைமார் வெயிலுக்குப் போடுகிற சோலா தொப்பி சுலபமாகக் கிடைத்தது. ரிட்டையரான ஓவர்சீயர் ஒருவர் வீட்டில் பூனை குட்டி போட்டிருந்த தொப்பி அது; குட்டிகள் கண் திறக்கும்வரை காத்திருந்து வாங்கி வந்தோம். கொசு கடிக்காமல் இருக்க முழங்கால் உயரத் தோல் பூட்ஸ் கீழவாசலில் செய்யக் கொடுத்தோம். செய்தவர் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. இரண்டையும் இடது காலுக்கே செய்துவிட்டார். டின்னில் அடைத்த உப்பு வெண்ணெய் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உள்ளே தண்ணீர் மாதிரிக் குலுங்கியது. மச்சான் அதைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "மலேயாவுல போய் இறுகிரும்" என்றார்.

புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்த பாய் ஒருவரிடம் துணி வேலையைக் கொடுத்தோம். விருந்துக் கோட்டுக்கு அவர் மலைக்கவில்லை. கோட்டில் போடச் சொல்லியிருந்தபடி, என் பெயரைச் சுருக்கி மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களைப் பட்டு நூலால் உள்பக்கம் அழகாகத் தைத்தும் கொடுத்தார். அடுத்ததில்தான் தடுமாறினார். முதுகெலும்பின் மேல் வெயில் படக் கூடாது, பட்டால் மூளை இளகிவிடும், ஆகவே கழுத்திலிருந்து இடுப்புவரை பஞ்சு வைத்துத் தைத்த திண்டு ஒன்றைச் சட்டைக்குள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. படம் வேறு போட்டிருந்தார்கள். பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது மனுசனுக்கா, ஜட்காக் குதிரைக்கா?"

"எனக்குத்தான் பாய்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அளவு எடுத்தார். அதன் பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் தைத்தார். ராவும் பகலும் வயிற்றில் சுற்றியிருக்க வேண்டிய நாலு முழச் சிவப்புக் கம்பளிப் பட்டையைத் தைத்துக் கொடுத்தபோது மட்டும், "வீட்ல பெரியவுக சம்மதிச்சுத்தான அனுப்புறாக?" என்று மெதுவாகக் கேட்டார்.

பட்டியலின் கடைசியில், உள்ளூர் ஜனங்களுக்குக் கொடுத்து அவர்களை வசப்படுத்த பாசிமணியும் சின்ன முகக்கண்ணாடிகளும் என்று இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன்.

"தோட்டத்துல உள்ளூரு ஆளுகன்னா யாரு மாப்ள?" என்று மச்சான் கேட்டார்.

"பாதிக்கு மேல நம்ம பக்கத்து ஆளுகதான். மேலூரு, உசிலம்பட்டி, ராமநாதபுரம்."

மச்சான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "நம்ம ஆளுகள வசப்படுத்த ஒரு கண்ணாடி பத்தாது. ரெண்டா வாங்கிருவோம்." சித்திரைத் திருவிழாக் கடைகளில் மிஞ்சிக் கிடந்த பாசியும் கண்ணாடியுமாக ஒரு கூடை வந்து சேர்ந்தது.

எல்லாம் சேர்ந்ததும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று மச்சான் சொன்னார். பஸ்ராவில் ஒத்திகை பார்க்காத சாமானை நம்பி ஒரு கூட்டமே திண்டாடியதாம். கப்பல் ஏற எட்டு நாள் இருந்தது. அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது. "இத விட்டா நல்ல நாள் கெடைக்காது" என்றார்.

காலையில் என்னைச் சோடித்தார்கள். கம்பளிப் பட்டை, அதன் மேல் முதுகுத் திண்டு, அதன் மேல் கித்தான் மாதிரிக் கனத்த சட்டை, கோட்டு, இரண்டு இடது பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, தொப்பி. ஆபத்தில் உதவிக்குக் கூப்பிட என்று பட்டியலில் சொல்லியிருந்த விசில் கழுத்தில். மற்ற சாமான்கள் மச்சானின் மாட்டுவண்டியில் ஏறின. மடக்கி வைக்கிற கித்தான் தொட்டி உட்பட. குளிக்கிறதுக்கான தொட்டி அது. நானும் வண்டியில் ஏறப் போனேன்.

"நீ நடக்கணும் மாப்ள. வண்டியில வந்தா சாமானுக்குத்தான் ஒத்திகை, ஒனக்கு இல்ல."

தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று ஊருக்கு எதிர்ப்பக்கமாக, வைகையைத் தாண்டி மேலூர் ரோட்டில் போவதென்று முடிவானது. கீழவாசலில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். நானும் பயந்துபோய் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் முகம் குழம்பியது. மச்சான் வண்டியிலிருந்து குனிந்து, "கும்பிடாத மாப்ள, தலைய மட்டும் ஆட்டு" என்று பல்லைக் கடித்தார். அதற்குப் பிறகு ஒத்தக்கடை வரைக்கும் எதிரே வந்த எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனேன். பாதி தூரத்துக்கு மேல் அது தானாகவே ஆடியது.

ஒத்தக்கடையைத் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். வயல் வேலைக்காரர்களின் குடிசைகள் முப்பது நாற்பது இருக்கும். உச்சி வேளை. சட்டைக்குள் வேர்வை ஓடி ஓடி முதுகுத் திண்டு நனைந்து, ஒரு ஆளை முதுகில் சுமப்பது போலக் கனத்தது. நிழலும் தண்ணீரும் தேடி நாங்கள் ஊருக்குள் நுழையும்போது யாரோ ஒருவர், "ஊசி போட வந்துட்டாக!" என்று கத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊர் காலி. அந்த வருஷம் காலராவுக்கு ஊசி போடுகிறவர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்தால் வேறு யாரென்று நினைக்கத் தோன்றும்?

ஒரே ஒரு அம்மாள் மட்டும் ஓடவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். "நான் போன மாசமே போட்டுக்கிட்டேன்யா" என்று சட்டென்று கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"இம்புட்டுத் துணிய எதுக்குய்யா சுத்தியிருக்கீக? குளிருதா?"

"இல்லம்மா. வெயிலுக்கு."

"எந்த ஊரு வெயிலுக்கு?"

"மலேயா வெயிலுக்கு."

அந்த அம்மாள் புளி தட்டுவதை நிறுத்தினார். "அந்த ஊர்ல வெயிலு குளிருமோ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வேப்பமரம் சாய்ந்து போவது மாதிரி இருந்தது. சாய்வது மரமில்லை, நான் என்று தெரிந்ததும் பட்டியல் ஞாபகம் வந்தது. விசிலை எடுத்து, மூச்சு இருக்கிற மட்டும் ஊதினேன்.

அது என்னைக் காப்பாற்றத்தான் என்று அந்த ஊருக்கு எப்படித் தெரியும்? தப்ப முடியாது, சர்க்கார் கூப்பிட்டுவிட்டது என்று நினைத்தார்கள். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்தும் கிணற்று மேட்டிலிருந்தும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்றார்கள். நின்று, கையை நீட்டினார்கள். முன்னால் நின்ற பெரிய மீசைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வலிக்காமப் போடுங்கய்யா" என்றார்.

நான் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். நாங்கள் யார் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணை மூடிக் கையை நீட்டி நிற்கிற ஐம்பது பேரிடம், சும்மா ஒத்திகைக்கு வந்தோம் என்று எப்படிச் சொல்வது? வண்டியில் ஏறிப் பாசிக் கூடையை இறக்கினார். மீசைக்காரரின் நீட்டிய கையில் ஒரு கண்ணாடியையும் ஒரு பாசியையும் வைத்தார்.

மீசைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஊசி?"

"இந்தத் தடவ இதுதான்" என்றார் மச்சான்.

"நோவு வராதா?"

"தெனமும் மொகத்தப் பாருங்க. மொகம் வாடியிருந்தா டாக்டர்ட்ட போங்க."

பஸ்ராவுக்குப் போய்வந்த மனிதர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் ஊரே குதூகலமானது. வாங்கியவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். எனக்குத் தலை சுற்றுவதைக் கண்டு நாலு பேர் தூக்க வந்தார்கள். மச்சான் அந்தக் கித்தான் தொட்டியை விரித்துக் காட்டினார். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. பூட்ஸும் கம்பளிப் பட்டையுமாக என்னை நடுத்தெருவில் தொட்டிக்குள் இறக்கினார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நின்று, புதுக் கண்ணாடியில் தங்கள் முகத்தை ஒரு தரமும் என்னை ஒரு தரமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. புளி தட்டிய அம்மாள் நீர்மோர் கொண்டுவந்து என் வாயில் ஊற்றினார்.

அதற்கப்புறம் அந்த ஊருக்கு நிஜமாகவே ஊசி போடப் போனவர்களிடம், கண்ணாடி கொடுத்தால்தான் கையை நீட்டுவோம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் மனசு உறுத்தத்தான் செய்கிறது.

மறுநாள் காலையில் என் உடம்பு முழுக்க வேர்க்குரு. வயிற்றிலும் முதுகிலும் கையகலம் இடம் பாக்கியில்லை. மனைவி நுங்குத் தண்ணீரும் சந்தனமும் பூசிப் பார்த்தாள். "அந்தக் கம்பளிய மொதல்ல கழட்டிப் போடுங்க" என்று கெஞ்சினாள். மச்சானோ, இரவும் பகலும் கழற்றக் கூடாது என்று அச்சில் இருப்பதைத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தினார். நான் அச்சின் பக்கம் நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது இன்றும் நினைவிருக்கிறது. கோபத்தில் போகவில்லை. சிரிப்பை அடக்கத்தான் போனாள் என்று ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல். மச்சான் கூடவே வந்து சாமான்களை ஏற்றிவிட்டார். தகரம் அடித்த இரண்டு பெரிய பெட்டிகள். மூடியில் என் மூன்று எழுத்தும் தோட்டத்தின் விலாசமும் வெள்ளைப் பெயிண்டில். பெட்டிகள் கப்பலுக்குப் போன பிறகு, ஆட்களைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் வரிசையில் நின்றேன். சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். டாக்டர் இரண்டடி பின்னால் போனார்.

"அம்மை" என்றார்.

"வேர்க்குருங்க சார்."

"வேர்க்குருக்காரன் கம்பளி கட்டிக்கிட்டு வருவானா? குளிர் காய்ச்சல் இருக்கு, மறைக்கிறே."

கம்பெனி சொல்லித்தான் கட்டினேன் என்று விளக்கினேன். விளக்க விளக்க, காய்ச்சலில் பிதற்றுவதாக எழுதிக்கொண்டார். ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த ஓலைக் கொட்டகை ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். மத்தியானம் கப்பல் சங்கு ஊதியது. என் பெட்டிகளோடு அது பினாங்குக்குப் போவதை ஒரு வேட்டியும் துண்டுமாக நின்று பார்த்தேன். வேலியின் அந்தப் பக்கம் மச்சான் நின்றார். கப்பல் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சாமானாச்சும் போய்ச் சேருதே மாப்ள" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கொட்டகையில் எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். மேலூர்ப் பக்கத்துக்காரர். மலேயாவில் பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர், மூன்றாவது தடவை போகிறார். உடம்பில் கொசுக்கடி, அவருக்கும் அம்மை என்று எழுதியிருந்தார்கள்.

"மூணு தடவையும் இதே கொசுக்கடிதான் தம்பி. மொதத் தடவ அழுதேன். இப்ப ஓய்வுன்னு எடுத்துக்கிறேன்."

"நீங்க என்ன சாமான் கொண்டுபோறீக அண்ணே?"

மடியை அவிழ்த்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக் காட்டினார்.

"வேற?"

"வேற என்னத்துக்கு? அங்க கடை வச்சிருக்கான்ல."

பன்னிரண்டு நாள் சீட்டு விளையாடினோம். கம்பளியைக் கழற்றிய மூன்றாம் நாளே எனக்கு உடம்பு சரியாகிவிட்டது. அடுத்த கப்பலில் இருவரும் போனோம்.

தோட்டத்தில் இறங்கியபோது ஆபீஸில் ஒரே பரபரப்பு. மானேஜர் துரை வெள்ளைக்காரர். கூலிகளிடம் பழகிப் பழகித் தோட்டத் தமிழ் பேசுவார். என்னைப் பார்த்ததும், "நீ புது கிராணி. நல்லது. கப்பல்ல ஒரு தொரைய பாத்தியா?" என்றார்.

"எந்தத் துரைங்க?"

விஷயம் இதுதான். இரண்டு வாரம் முன்னால், விருந்துக் கோட்டும் டென்னிஸ் கால்சட்டையும் பூட்ஸும் தொட்டியுமாக இரண்டு பெட்டி வந்திருக்கிறது. ஆள் வரவில்லை. உதவி மானேஜராகப் புதிதாக ஒரு சின்ன துரையைச் சீமையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், அவர் வழியில் காணாமல் போய்விட்டார் என்று முடிவு கட்டி, பங்களாவில் ஓர் அறையைச் சுத்தம் பண்ணி, பினாங்கு வரை ஆள் அனுப்பித் தேடியிருக்கிறார்கள்.

"ஐயா, அதெல்லாம் என் சாமான்" என்றேன்.

துரை என் வேட்டியைப் பார்த்தார். பெட்டியிலிருந்து விருந்துக் கோட்டை எடுத்து என்னிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அளவு எடுத்துத் தைத்த கோட்டு, எப்படி இருக்கும்? தோளும் கையும் இம்மி பிசகாமல் பொருந்தியது. உள்ளே தைத்திருந்த மூன்று எழுத்தையும் அவருக்குக் காட்டினேன். துரை என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. எனக்கும் மனசு லேசானது.

"நல்லது" என்றார். "தொரை ஒன் ஒசரந்தான் இருப்பாரு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அந்தத் தோட்டத்தில் நான் பார்த்த முதல் வேலை அதுதான்: காணாமல் போன துரையின் அடையாளங்களை எழுதி, துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் போடுவது. உயரம், மார்பளவு, இரண்டு காலும் இடது கால் போன்ற அமைப்பு. ஒவ்வொரு கடிதத்திலும், பெட்டி என்னுடையது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். துரை அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மாசம் கழித்துச் சீமையிலிருந்து பதில் வந்தது. அப்படி யாரையும் நாங்கள் அனுப்பவில்லை என்று. துரை அதை இரண்டு தடவை படித்தார். அனுப்பிய ஆளைத் தொலைத்துவிட்ட வெட்கத்தில் மறைக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஃபைலை முடித்து வைக்க ஒரு வரி சொன்னார். நான் டைப் அடித்தேன். இந்த நாட்டு வெயிலைக் கேள்விப்பட்டு, நடுவழியிலேயே ஊர் திரும்பியிருக்கலாம் என்பது அந்த வரி.

அன்றைக்கு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மதுரையில் மார்கழி மாசத்தில் இருக்கிற மாதிரி உடம்புக்கு இதமாக இருந்தது. தாளை உருவி துரையிடம் கொடுத்தேன். பாவம், நல்ல மனுசனாக இருந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.